சோதனையிட்ட வீடும் கைவிட்ட வழக்கும்

"குற்றச்சாட்டு கைவிடப்பட்டது" என்னும் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில், ஏதேனும் ஒரு மூலையில், நான்கு வரிகளில் முடிந்துவிடும். அதே மனிதன் கைதான நாளிலோ அவனது நிழற்படம் முதற்பக்கத்தில் வந்திருக்கும். அவன் தந்தையின் பெயரும் தெருவின் பெயரும்கூட வந்திருக்கும். முதற்செய்தியை வீட்டில் உரக்கப் படித்துக்காட்டும் மக்கள், இரண்டாம் செய்தியைக் கண்ணால் மேய்ந்துவிட்டுத் தங்கத்தின் விலை பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த நான்கு வரிகளைச் சற்று நின்று நோக்கினால், அதற்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருப்பது தெரியும். குற்றம் சுமத்தப்பட்டபோது ஒருவனிடமிருந்து எடுக்கப்பட்டது எது? குற்றச்சாட்டு கைவிடப்பட்டபோது அவனுக்குத் திருப்பித் தரப்பட்டது எது? இரண்டும் ஒன்றுதானா?

இக்கேள்வியை நீதிமன்றப் படிகளிலிருந்து கேட்பதைவிடக் கொல்லிமலையின் அரியூர் நாட்டிலிருந்து கேட்பது பயன் தரும் என்று கருதுகிறோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே 'நாடு' என்று பெயர். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என வரும் 14 நாடுகளுள் அரியூர் நாடும் ஒன்று. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என்று எண்ணிவிட வேண்டா. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் பழங்கதை. ஆகவே சேர்வராயனிலும் கல்வராயனிலும் பச்சைமலையிலும் சித்தேரியிலும் வாழ்வோர் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி முறை. சாமையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்களில் இன்று மரவள்ளியும் மிளகும் காப்பியும் மிகுந்துள்ளன. விளைநிலம் முடியும் இடத்தில் காப்புக்காடு தொடங்குகிறது.

காப்புக்காட்டின் ஓரத்தில் வாழ்பவனுக்குச் 'சோதனை' என்ற சொல்லின் பொருள் வேறு. நமக்கு அச்சொல், ஆண்டவர் கற்பித்த செபத்தின் முடிவில் வருவது. உள்ளத்தைத் தாக்கும் ஆசாபாசங்களைக் குறிப்பது. மலையில் வாழ்பவனுக்கோ அது சீருடையணிந்த ஒருவர் கதவருகே வந்து நின்று, "உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்பது. 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் முதற்கொண்டு அவனது விறகுக் கட்டும் தேன்குடமும் சந்தேகத்துக்குரிய பொருள்களாகிவிட்டன. தலைமுறைகளாகத் தன் முன்னோர் எடுத்துவந்ததை எடுத்தவன், சட்டத்தின் ஒரு வரியால் திருடன் ஆனான். இது தனியாகப் பேசவேண்டிய பெரும் பொருள். இங்கே இதோடு நிறுத்துகிறோம்.

சோதனை என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை இம்மலையாளி மக்களின் மற்றொரு சிற்றூர் நாட்டுக்குக் காட்டியது. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி அவ்வூர். 1992 ஜூன் 20 அன்று கடத்தல் சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகக் கூறி, வனத்துறையினர் 155 பேரும் காவல்துறையினர் 108 பேரும் வருவாய்த்துறையினர் 6 பேருமாக 269 பேர் ஊருக்குள் நுழைந்தனர். ஆண்களில் பலர் மலைக்குள் ஓடி ஒளிந்திருந்தனர். அகப்பட்டோர் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே. வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுகளும் கோழிகளும் வந்தவர்களுக்கு உணவாயின, குடிநீர்க் கிணறும் கெடுக்கப்பட்டது. 18 பெண்கள், அவர்களுள் சிறுமியரும் உண்டு, மானபங்கத்துக்கு உள்ளாயினர். பிறகு 90 பெண்களும் 28 குழந்தைகளும் 15 ஆண்களுமாக 133 பேர் கைது செய்யப்பட்டனர். சந்தனக் கடத்தல்காரர்கள் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். பெண்கள் கைக்குழந்தைகளோடு சேலம் சிறைக்குப் போனார்கள்.

சோதனையிட்டவர்கள் எழுதிய ஆவணத்தின்படி குற்றவாளிகள் ஊரார். 1992-இல் அரசும் அதையே சொன்னது. அத்தகைய கொடுமை எதுவும் நடக்கவில்லை என்றது. இடதுசாரி இயக்கத்தாரும் பழங்குடியினர் சங்கத்தாரும் நீதிமன்றம் சென்றனர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி ஒருவர் நேரில் சென்று விசாரித்து அறிக்கை தந்தார். 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதன்பின் ஆவணம் தலைகீழாயிற்று. ஊருக்குள் போன 269 பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டை விசாரித்த நீதியரசர் வேல்முருகன் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே சென்று, மலையடிவாரத்தையும் வீடுகளையும் பார்த்து, ஊர்மக்களிடம் பேசினார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளினார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை அக்குற்றம் புரிந்தோரிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டார். சோதனை நடந்த நாளுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். சிறையில் தாயின் மடியில் கிடந்த குழந்தை, அதற்குள் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வயதை அடைந்திருக்கும்.

இவ்விடத்தில் நேர்மையாக எழுப்பத்தக்க மறுப்பு ஒன்று உண்டு. அக்காலத்தில் அம்மலைகளில் சந்தனம் கடத்தப்பட்டது உண்மைதானே? கூலிக்காக மரம் வெட்டியவர்கள் சிற்றூர்களில் இருந்தது உண்மைதானே? அவ்வாறாயின் தேடுதல் எப்படித் தவறாகும்? தேடிய முறை தவறென்றால் முறையைக் கண்டிப்போம். அதற்காகக் கிடைத்த பொருளை இல்லையென்று ஆக்குவதா?

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. உலகின் பெரிய நீதிமன்றங்களே இதில் இருவேறு வழியில் நிற்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1957-இல் டாலி மாப் என்னும் பெண்ணின் வீட்டுக்குள், குண்டுவெடிப்பு ஒன்றில் தேடப்பட்டவனைப் பிடிக்கக் காவலர் வலிந்து நுழைந்தனர். ஒரு தாளை உயர்த்திக் காட்டி அதுவே நீதிமன்ற ஆணை என்றனர். விசாரணையில் அப்படியொரு தாள் வரவே இல்லை. தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. ஆபாசமான சில நூல்கள் வீட்டில் இருந்ததாக அப்பெண்ணுக்குத் தண்டனை. 1961-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், முறைகேடான சோதனையில் கிட்டிய சான்றை எந்த மாநில நீதிமன்றமும் ஏற்கலாகாது என்று கூறி அத்தண்டனையை நீக்கியது. நம் நாட்டு உச்சநீதிமன்றம் வருமானவரிச் சோதனை பற்றிய பூரன்மல் வழக்கில் 1973-இல் வேறுவிதமாகக் கூறியது: சோதனையில் முறைகேடு இருந்தாலும், கிடைத்த சான்று வழக்குக்குப் பொருத்தமானதாயின் அதைத் தள்ளவேண்டியதில்லை. போதைப்பொருள் வழக்குகளில் மட்டும் இந்த நிலை சற்றே இறுகியது. உயர் அலுவலர் அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனையிடப்படும் உரிமை தனக்குண்டு என்று ஒருவருக்குச் சொல்லாமல் அவர் உடலைச் சோதித்து எடுத்ததை மட்டும் நம்பித் தண்டிக்கலாகாது என்று 1999-இல் அரசியல் சாசன ஆயம் தீர்ப்பளித்தது.

இவ்விரு வழிகளுள் எது சரி என்பதைச் சட்ட அறிஞர்கள் வாதிடட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. முறையான சோதனைக்குச் சட்டம் சில நிபந்தனைகளை விதித்துள்ளது. அக்கம்பக்கத்தில் வாழும் நடுநிலையான இருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும். வீட்டுக்காரரை உடனிருக்க விடவேண்டும். எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதி அதன் படியை அவரிடம் தரவேண்டும். பெண்ணைப் பெண்ணே, கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், சோதனை முழுவதையும் ஒலி ஒளிப் பதிவு செய்யவும் சொல்கிறது. இவற்றைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் பிழையானது. அந்த இரு சாட்சிகளும் அந்தப் பட்டியலும் உண்மைக்குக் காவலாக நிற்பவை. அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய பின் உள்ளேயிருந்து எடுத்துவரப்பட்ட கட்டை, அவ்வீட்டில் இருந்ததா, கொண்டுவந்தவர் தோளில் இருந்ததா என்பதை எவரால் சொல்ல இயலும்? ஆகவே, முறை தவறினாலும் உண்மை கிடைத்ததே என்று சொல்வோர், அது உண்மைதான் என்பதை எதைக்கொண்டு அறிந்தார்கள் என்றும் சொல்லியாக வேண்டும்.

மறைநூலை வாசிப்பவர்களுக்கு இது புதிதன்று. தொடக்க நூலில் யோசேப்பின் வெள்ளிக் கிண்ணத்தை அவருடைய ஆள்கள் தேடும் காட்சியை நினைவுகூரலாம். மூத்தவன் கோணிப்பையில் தொடங்கி இளையவன் கோணிப்பை வரை எவ்வளவு ஒழுங்கான சோதனை! கிண்ணம் பென்யமினின் பையில் கிடைக்கிறது. சான்று பொய்யன்று, கிண்ணம் அங்கேதான் இருந்தது. ஆனால் அதை அங்கே வைத்தவர் சோதனையிட்டவரே. அதைவிட நம்மைத் திகைக்க வைப்பது யூதாவின் மறுமொழி. தாங்கள் அக்கிண்ணத்தைத் திருடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் அவன் வாதாடவில்லை. கடவுள் தங்கள் குற்றத்தை வெளிப்படுத்திவிட்டார் என்கிறான். வேறொரு பழைய குற்றத்தின் நினைவு, செய்யாத குற்றத்தை ஏற்கச் செய்துவிடுகிறது. எளியோரின் வீட்டில் சோதனை நடக்கும்போது ஊரார் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்: "இதைச் செய்யாவிட்டாலும் வேறு எதையாவது செய்திருப்பான்."

வீடு மட்டுமன்று, உடலும் சோதனைக்கு உள்ளாகிறது. மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் தொடரோட்டத் தங்கம் வென்ற பிங்கி பிராமணிக்கை 2012 ஜூன் மாதம் காவல்துறை கைது செய்தது. அவர் பெண்ணே அல்லர், ஆண் என்றும், பாலியல் வன்முறை புரிந்தார் என்றும் குற்றச்சாட்டு. ஆண் காவலர்கள் அவரைப் பிடித்து இழுத்துச் சென்ற படங்களை நாடு கண்டது. ஏறத்தாழ 25 நாள்கள் சிறை. அடுத்தடுத்து மருத்துவச் சோதனைகள். சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்ட காட்சிப்பதிவு வெளியே பரவியது. 2014 செப்டம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அக்குற்றச்சாட்டுகளை நீக்கியது. நீதிமன்றம் நீக்கியது குற்றச்சாட்டை. பரவிய காட்சிப்பதிவை எந்த நீதிமன்றம் நீக்க முடியும்? பதக்கம் வாங்கிய நாளில் அவரை அறியாதவர்கள்கூட அந்தப் பதிவால் அவரை அறிந்தார்கள்.

கைவிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லக்ரோஸ் என்னும் பந்தாட்டம் ஆடிய மாணவர் மூவர்மீது 2006-இல் பாலியல் வன்முறை வழக்கு தொடரப்பட்டது. ஓராண்டு கழித்து, 2007 ஏப்ரல் 11 அன்று, வட கரோலினா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பர் வழக்கைக் கைவிட்டார். அத்தோடு நில்லாமல், அம்மூவரும் குற்றமற்றவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார். மரபணுச் சோதனையின் முடிவுகளை மறைத்த அரசு வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையை இழந்தார். ஒரு நாள் சிறையிலும் இருந்தார். குற்றஞ்சாட்டிய பெண், தாம் பொய் சொன்னதாக 2024-இல் பொதுவில் ஒப்புக்கொண்டார். அம்மாணவர்கள் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். நல்ல வழக்கறிஞர்களை அமர்த்த முடிந்தது. சரி, அதற்காக அவர்கள் பெற்ற நீதியை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அரசின் அலுவலர் ஒருவர் மக்கள்முன் நின்று "குற்றமற்றவர்கள்" என்று சொன்னது அரிய செயல். "போதிய ஆதாரம் இல்லை" என்பது வேறு, "குற்றம் இல்லை" என்பது வேறு. முதலாவது சொற்றொடரில் சந்தேகம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. டியூக் வழக்கை எடுத்துக்காட்டி, பெண்கள் சொல்வதை நம்பலாகாது என்று முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் வாச்சாத்திப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். அங்கே உண்மை பேசிய பெண்களைப் பொய்யர் என்று அரசே சொன்னது. 19 ஆண்டுகள் கழித்தே நீதிமன்றம் அவர்களை நம்பியது. ஓரிடத்தில் புகார் கொடுத்தவர் பொய் சொன்னார். மற்றோரிடத்தில் சோதனையிட்டவர்கள் பொய் சொன்னார்கள். எவரை நம்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டவர் ஏதேனும் ஓரிடத்தில் தவறியே தீருவார். விசாரணைக்கு மாற்று ஏதும் இல்லை. மதுரையில் கோவலன் வெட்டுண்டது சிலம்பு கிடைத்ததால் அன்று. கிடைத்ததே போதுமென்று அரசன் விசாரிக்காமல் விட்டதால்.

நம் நாட்டில் "குற்றமற்றவர்" என்ற சொல்லை அரசின் வாயிலிருந்து பெறுவது எளிதாக இல்லை. நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் 1994-இல் கைதானார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை அக்குற்றச்சாட்டு பொய் என்று கூறி வழக்கை முடித்தது. அதன்பிறகும் அவர் நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்து, 2018 செப்டம்பரில்தான் 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு பெற்றார். அவரோ கற்றவர், பெயர் பெற்றவர். கல்லாதவன் நிலை என்ன? ஆதாரமின்றி ஒருவரைக் கைது செய்யக் காரணமானவரிடமிருந்து பெற்றுத்தர நீதிமன்றத்துக்கு நடைமுறைச் சட்டம் அனுமதிக்கும் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,000 ரூபாய். 2005 வரை அது 100 ரூபாயாக இருந்தது. புதிய சட்டம் எழுதியவர்களும் அந்த ஆயிரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அரியூர் நாட்டிலிருந்து நாமக்கல் நீதிமன்றத்துக்கு மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, வாய்தாவுக்கு வாய்தா வந்துபோகும் ஒரு குடும்பம் பேருந்துக்கும் இழந்த கூலிக்கும் செலவிடுவதை எண்ணிப் பார்த்தால், அந்த ஆயிரம் எத்தனை வாய்தாவுக்குக் காணும்?

இனி, மலையிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். வல்வில் ஓரியின் மலையில் பிறந்தவன். ஓடுவதும் மேடேறுவதும் அவனுக்கு நடப்பதைப் போல. கல்லூரி அணியில் இடம் பெறுகிறான். மாவட்டப் போட்டிகளில் பரிசு வாங்குகிறான். அவன் குடும்பம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வேலை: காவலர் பணி. அதில் விளையாட்டு வீரர்க்கு 10 விழுக்காடு இட ஒதுக்கீடும் உண்டு. இவன்மீது ஏதோ ஒரு தகராறில், ஏதோ ஒரு தேடுதலில், பத்துப் பெயர்களோடு பதினோராவது பெயராக ஒரு வழக்கு எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாட்சிகள் வரவில்லை, வழக்கு தள்ளுபடி ஆகிறது, தாய் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறாள். அதோடு முடிந்ததா? தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுவிக்கப்பட்டவரும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததால் விடுவிக்கப்பட்டவரும், குற்றவழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர். சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் இவ்விதியை 2008-இல் ஏற்றுக்கொண்டது. காவல்பணிக்கு வருபவர் கறையற்றவராக இருக்கவேண்டும் என்ற நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டோம். எனினும் கறை எது, கறை என்று பிறர் எழுதியது எது என்று பிரித்தறியும் பொறுப்பும் அந்நோக்கத்துக்கு உண்டல்லவா? அரசின் ஒரு கை வழக்கைக் கைவிடுகிறது. மற்றொரு கை அதை எடுத்துப் பத்திரப்படுத்துகிறது.

அரசைச் சொல்லிக்கொண்டே போவது எளிது. கைவிடப்பட்ட வழக்கு கடைசியாக வந்து நிற்குமிடம் நம் பங்கும் நம் தெருவுமே. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்னும் பழமொழிதான் அங்கே நீதிபதி. அந்நீதிபதிக்கு மேல்முறையீடு கிடையாது. தானியேல் நூலின் இணைப்பில் வரும் சூசன்னாவின் வரலாற்றை நாம் அறிவோம். முதியோர் இருவர் பொய்ச்சான்று சொன்னார்கள்; அவர்கள் மூப்பரும் நடுவருமாய் இருந்ததால் சபை உடனே நம்பிற்று; சாகத் தீர்ப்பிட்டது. இளைஞரான தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின்கீழ் கண்டீர்கள் என்று கேட்டதும் பொய் குலைந்தது. மக்கள் உரத்த குரலில் கடவுளைப் போற்றினர், பொய்யரைத் தண்டித்தனர், பெற்றோர் மகிழ்ந்தனர். எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. சற்றுமுன் அவளைச் சாவுக்கு அனுப்பத் தலையசைத்த அந்தச் சபையில் ஒருவரேனும் அவளருகே சென்று ஒரு வார்த்தை பேசியதாக மட்டும் அந்நூலில் இல்லை.

பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையை நீதிமன்றக் கூண்டில் ஏறுவோர்க்கு மட்டுமே உரியதாகக் கருதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிக்கும்போது, "வழக்கு முடிஞ்சிருச்சு, ஆனா..." என்று இழுக்கும் அந்த 'ஆனா'வும் ஒரு சான்றுரைதான். நற்சான்றிதழ் கேட்டு வரும் இளைஞனிடம், "எதற்கும் ஆறு மாதம் போகட்டும்" என்று சொல்வதும் ஒரு தீர்ப்புத்தான். இவை எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை; ஆகையால் இவற்றைத் தள்ளுபடி செய்யவும் எவராலும் ஆவதில்லை.

அந்த இளைஞன் நிரப்பவேண்டிய விண்ணப்பத்தில், தன்மீது எப்போதேனும் குற்றவழக்கு இருந்ததா என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. 'இல்லை' என்று எழுதினால் உண்மையை மறைத்த குற்றத்துக்காக வேலை போகும். 'உண்டு' என்று எழுதினால் அந்த விதி காத்திருக்கிறது. அக்கட்டத்தை நிரப்பத் துணைக்கு யாரையேனும் கேட்கவேண்டும் என்று அவன் மலையிறங்கி வரும்போது, நம்மில் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவான்?